முதியோரின் வழியறியும் திறனை வி.ஆர். ஹெட்செட்டில் அளப்பது எப்படி: கொங்கு வட்டாரத்தில் ஆய்வு தொடங்குவோருக்கு

எழுபது வயதுக்காரர் தலையில் வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டை மாட்டி, கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு பொய்யூருக்குள் நடக்க விட்டு, இருபது வயதுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வராமல் இருக்காது. அது எதனால் வந்தது என்பதுதான் சிக்கல். வழி மறந்ததாலா, கண்ட்ரோலரின் குச்சியைக் கட்டை விரலால் தள்ளத் தெரியாததாலா, கண்புரையாலா, குமட்டலாலா? இவற்றைப் பிரித்துக் காட்டாத ஆய்வு, வயதை அளந்ததாகச் சொல்லிக்கொண்டு வீடியோ கேம் பழக்கத்தை அளந்திருக்கும். கீழே உள்ள படிகள் பெரும்பாலும் இந்தப் பிரிக்கும் வேலைக்காகத்தான்.

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர்ப் பக்கம் உளவியல், பிசியோதெரபி, பயோமெடிக்கல் படித்துக்கொண்டு முதன்முறையாக இதில் இறங்குபவரை மனதில் வைத்து எழுதியது. ஒரு முதுகலை ஆய்வுக்கு 9 மாதமாவது வையுங்கள். அதில் 3 மாதம் காகித வேலைக்கே போகும்.

1. எந்தத் திறன் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வழியறிதல் ஒரே திறன் அல்ல. மூன்றாகவாவது பிரிக்க வேண்டும்.

காட்டிய பாதையை அப்படியே திரும்ப நடப்பது ஒன்று: டீக்கடையில் திரும்பு, தண்ணித் தொட்டியில் திரும்பு என்று. ஊர் முழுவதன் அமைப்பையும் மனதில் வைத்து, பழகாத இடத்திலிருந்தும் இலக்குக்கு வழி கண்டுபிடிப்பது இரண்டாவது. இதை மனவரைபடம் என்போம். அடையாளம் எதுவும் இல்லாமல், எவ்வளவு நடந்தோம், எத்தனை திரும்பினோம் என்று உடம்பே கணக்கு வைத்துக் கிளம்பிய இடத்துக்குத் திரும்புவது மூன்றாவது, இது அடிக்கணக்கு. வயதோடு அதிகம் சரிவது பின்னிரண்டும்தான். மூளையின் ஹிப்போகாம்பஸ், அதை ஒட்டிய என்டோரைனல் புறணி ஆகிய பகுதிகளை இவை நம்பியிருக்கின்றன. அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களும் அவைதான்.

மூன்றையும் ஒரே ஆய்வில் அடைக்காதீர்கள். முதியவரை 90 நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்க முடியாது. இரண்டு போதும்.

எத்தனை பேர் வேண்டும்? இரண்டு குழுக்களுக்கிடையே நடுத்தர அளவு வித்தியாசத்தை (வித்தியாசத்தின் அளவைச் சொல்லும் கோஹன் டி என்ற எண்ணில் 0.5) 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, குழுவுக்கு 64 பேர். பெரிய வித்தியாசம் (0.8) என்றால் 26. ஜி-பவர் மென்பொருளில் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். குமட்டலால் பாதியில் எழுந்து போகிறவர்களுக்காக, குழுவுக்கு 64 தேவைப்படும் இடத்தில் 80 பேரைச் சேருங்கள்.

2. காகிதங்கள்

நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வராமல் ஒருவர் தலையிலும் ஹெட்செட்டை மாட்டக் கூடாது, சோதனை ஓட்டத்துக்குக்கூட. உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால், குழு உள்ள மருத்துவக் கல்லூரியில் இணை வழிகாட்டி ஒருவரைப் பிடித்து அங்கே விண்ணப்பியுங்கள். குழு எப்போது கூடுகிறது, அதற்கு எத்தனை நாள் முன்பு காகிதம் போக வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒன்றிரண்டு மாதம் போய்விடும்.

பொதுவாகக் கேட்பவை: ஆய்வுத் திட்டம், ஆய்வாளர்களின் தன்விவரம், துறைத் தலைவர் கடிதம், தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், எல்லா வினாத்தாள்களும், செலவுத் திட்டம், இடம் தரும் பஞ்சாயத்து அல்லது முதியோர் இல்லத்தின் கடிதம். தமிழ்ப் படிவத்தை, ஆய்வைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். “மெய்நிகர் யதார்த்தச் சூழலில் இடஞ்சார் அறிதிறன்” என்று எழுதினால் குழுவே திருப்பி அனுப்பும். அனுப்பாவிட்டால் அது உங்கள் கெட்ட காலம். “கண்ணாடி மாதிரி ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு ஊருக்குள் நடந்து வழி கண்டுபிடிக்கும் சோதனை” என்று எழுதினால் போதும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்கின்றன ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகள். உங்கள் நண்பர் சாட்சி ஆக முடியாது. ஊரில் அங்கன்வாடி ஊழியரையோ நூலகரையோ முன்பே கேட்டு வையுங்கள்.

வெறுமனே அளந்து ஒப்பிடும் ஆய்வென்றால் சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு கட்டாயமில்லை. ஆனால் “வி.ஆர். பயிற்சி கொடுத்தால் திறன் கூடுகிறதா” என்று ஒரு வரி சேர்த்தீர்களோ, அது தலையீட்டு ஆய்வாகிவிடும். அப்புறம் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் திருத்தம் கேட்டுத் திருப்பித் திருப்பி அனுப்புவார்கள், அதற்கு நாள் பிடிக்கும்.

வயதுச் சான்றில் ஒரு பொறி உண்டு. பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்றோ, ஆண்டு மட்டுமோ இருக்கும். அது குத்துமதிப்பாகச் சொன்ன வயது. மூத்த பிள்ளையின் வயது, கல்யாணமானபோது தன் வயது, ஜாதகம் என இன்னும் இரண்டு வழியில் கேட்டுச் சரிபாருங்கள். ஆதார் நகலை வாங்கி வைக்காதீர்கள். அது உங்களுக்குத் தேவையுமில்லை, பத்திரப்படுத்தும் பொறுப்பும் தலையில் விழும்.

3. கருவியும் செலவும்

கம்ப்யூட்டரோடு வயரில் இணைக்காத, தனித்து இயங்கும் ஹெட்செட்டே நல்லது. வயர் காலில் சிக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். மெட்டா குவெஸ்ட் 3 வகை போதுமானது. எடை ஏறத்தாழ அரைக் கிலோ. கூடவே வரும் துணிப்பட்டையை எடுத்துவிட்டு, பின்மண்டையில் எடையைத் தாங்கும் கெட்டிப் பட்டை வாங்குங்கள். கழுத்து வலி குறையும்.

கருவிக்கு 40,000 முதல் 70,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள். வாங்குகிற வாரத்து விலையைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம். ரத்த அழுத்தக் கருவி, சிலிகான் முக உறை, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் துணி முகமூடிகள், பவர் பேங்க், சக்கரமில்லாத சுழல் நாற்காலி என்று இன்னொரு 12,000. மென்பொருளுக்குச் செலவில்லை. முப்பரிமாண விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் தனிநபர் பதிப்பு இலவசம். அதன்மேல் சோதனைகளை அமைக்க யூ.எக்ஸ்.எஃப்., வழியறிதலுக்கென்றே எழுதிய லேண்ட்மார்க்ஸ் ஆகிய இரண்டு திறமூலத் தொகுப்புகளும் இலவசம்.

பங்கேற்பாளருக்குப் பயணப்படியும் இழந்த கூலியும் கொடுக்கலாம். ஆசை காட்டும் அளவுக்குக் கொடுக்கக் கூடாது. அளவுகோலாக ஒன்று: நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். அரை நாளுக்கு அதையொட்டிய தொகையைத் திட்டத்திலேயே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். இரண்டு குழுவுக்குமாக 160 பேருக்குக் கணக்குப் போட்டால், சில சமயம் ஹெட்செட்டைவிட இதுதான் பெரிய செலவு.

4. ஊரைக் கட்டுவது

காந்திபுரத்தையோ ஈரோடு பேருந்து நிலையத்தையோ அச்சு அசலாக வரையலாம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். தினம் போகிறவருக்கு அது நினைவுச் சோதனை, போகாதவருக்குப் புது ஊர். யாருக்கும் தெரியாத ஊராகவும், எல்லோருக்கும் தெரிந்த பொருட்கள் நிறைந்ததாகவும் இருக்கட்டும்: கோபுரம், ஆலமரம், மேல்நிலைத் தண்ணித் தொட்டி, பேக்கரி, தேங்காய்க் களம், ரேஷன் கடை. எழுத்துப் பலகைகளை வைக்காதீர்கள், படித்தவருக்குச் சாதகமாகிவிடும். ஒன்றுபோல் தெரியும் இரண்டு கோயில்களும் வேண்டாம்.

6 முதல் 8 திருப்பங்கள், 8 அடையாளங்கள் போதும். ஒவ்வொரு தேடலுக்கும் (ஒரு இலக்கைக் கண்டுபிடிக்கும் ஒரு முயற்சிக்கு) 3 நிமிட உச்சவரம்பு. அதே ஊரின் கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டாம் பதிப்பு ஒன்றும் செய்துகொண்டால், பாதிப் பேருக்கு அதைக் கொடுக்கலாம்.

நகரும் வேகம் நொடிக்கு 1 மீட்டர் அளவில், மாறாமல் இருக்கட்டும். படிப்படியாக வேகம் கூடுவதும், குச்சியால் வழுக்கியபடி திரும்புவதும் குமட்டலின் தாய் தகப்பன். திரும்புவதை உடம்பாலேயே செய்ய வையுங்கள், சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி. சட்டென்று இடம் தாவும் முறை குமட்டலைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அடிக்கணக்குக்கான தடயத்தையே அது அழித்துவிடும்.

அடிக்கணக்கை நிஜமாக நடக்க வைத்து அளப்பதே சரி. 4 மீட்டருக்கு 4 மீட்டர் காலி இடம் போதும். 2 மீட்டர் நடந்து, 90 டிகிரி திரும்பி, 1.5 மீட்டர் நடந்தால், திரும்பும் தூரம் 2.5 மீட்டர். கோணத்தையும் நீளத்தையும் மாற்றி 9 முக்கோணங்கள். பக்கத்தில் கை நீட்டினால் பிடிக்கும் தூரத்தில் ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

5. திசை: இங்கேதான் பலரும் வழுக்குவது

நம் ஊர்ப் பெரியவர்கள் இடம் வலம் என்று வழி சொல்வது குறைவு. “மேக்கால போயி, வேப்பமரத்துக்கு வடக்கால திரும்புங்க” என்பார்கள். தமிழ்நாட்டில் கிராமத்தவர் திசைகளையும் நகரத்தவர் இடம் வலத்தையும் கொண்டு பேசும் போக்கை 1990களில் எரிக் பெடர்சன் ஆய்ந்து எழுதியிருக்கிறார். உங்கள் ஆய்வுக்கு இதனால் மூன்று விளைவுகள்.

முதலாவது, கட்டளைகள். “வலது பக்கம் திரும்புங்கள்” என்று ஹெட்செட்டுக்குள் ஒலித்தால் சிலர் ஒரு நொடி திகைப்பார்கள். அந்தத் திகைப்பு உங்கள் நேரக்கணக்கில் ஏறிவிடும். “சோத்தாங்கைப் பக்கம்”, “நொட்டாங்கைப் பக்கம்” என்று நேரில் சொல்லிப் பழக்குங்கள், அல்லது அம்புக்குறி காட்டுங்கள்.

இரண்டாவது, பொய்யூருக்குத் திசை கிடையாது. “இதுல கெழக்கு எங்கீங்க?” என்ற கேள்வி வரும். நிழலும் சூரியனும் வைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு மனவரைபடம் போடுவார்கள். இளைஞர்கள் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி வையுங்கள். நிழலற்ற வானம்தான் சிக்கல் குறைவு.

மூன்றாவது விளைவு கண்ணுக்குத் தெரியாதது. ஹெட்செட் மாட்டினாலும் அறையின் நிஜத் திசை அவர் மனதில் இருக்கும். வாசல் கிழக்கு, ஃபேன் காற்று தெற்கிலிருந்து, பக்கத்துத் தறிச்சத்தம் மேற்கிலிருந்து. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தம் ஓயாது. அது ஒரு காந்த ஊசி மாதிரி திசை காட்டிக்கொண்டே இருக்கும். காதை மூடும் ஹெட்போனில் மெல்லிய இரைச்சல் ஓட விடுங்கள், மேசை ஃபேனை அணையுங்கள், ஒவ்வொரு தேடலுக்கும் முன்பு நாற்காலியை மெதுவாகச் சுற்றிப் புதுத் திசையில் நிறுத்துங்கள்.

6. இடமும் நாளும்

பஞ்சாயத்துக் கட்டடம், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம், பள்ளி வகுப்பறை எதுவானாலும் முதல் நாளே போய் ஹெட்செட்டை மாட்டிப் பாருங்கள். புதுச் சுண்ணாம்பு அடித்த வெறும் சுவரில் கருவிக்குப் பிடிமானம் கிடைக்காது. நிற்கிற இடத்திலேயே ஊர் மிதந்து நகரும். நாலு பக்கமும் வண்ணப் போஸ்டர்களை ஒட்டினால் சரியாகும். பளபளக்கும் கிரானைட் தரை, கண்ணாடி, மங்கிய வெளிச்சம் மூன்றும் இதே தொல்லை தரும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மதியத்தில் கருவி சூடேறி நின்றுவிடும். ஹெட்செட்டின் லென்ஸை வெயிலைப் பார்த்து வைக்காதீர்கள். சில நொடியில் திரை பொசுங்கிவிடும்.

நேரம் காலை 10:30 முதல் 1 மணி வரை. அதற்கு முன்னால் பால் ஊற்றி, மாடு கன்றைப் பிடித்துக் கட்டி முடித்திருக்க மாட்டார்கள். மாலை மறுபடி கறவை. சந்தை நாள், ஊர் நோம்பி, தைப்பூசப் பாதயாத்திரை வாரம் ஆகியவற்றைத் தவிருங்கள். மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டால் ஆட்டம் முடியும் வரை அந்த ஊரை மறந்துவிடலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்செட் பேட்டரியில் ஓடும், ஏறத்தாழ 2 மணி நேரம். ஃபேனும் விளக்கும் ஓடாது.

7. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது

வலிப்பு, அண்மைய பக்கவாதம், தலைசுற்றல் நோய், பேஸ்மேக்கர் உள்ளவர்களைச் சேர்க்காதீர்கள். கண்ணைக் கட்டாயம் சோதியுங்கள். எழுத்துக்குப் பதில் திசை மாறும் ஆங்கில ‘E’ வடிவ அட்டை. கருவியின் லென்ஸ் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தைப் பார்ப்பது போலக் குவிந்திருக்கும். அதனால் படிக்கும் கண்ணாடி உதவாது, தூரக் கண்ணாடியைப் போட்டபடியே மாட்ட வேண்டும். கண்புரை அறுவை செய்தவரென்றால் கண் மருத்துவர் சம்மதம் சொன்ன பிறகு.

மறதிச் சோதனைக்கு மோக்கா என்னும் அறிதிறன் சோதனையின் தமிழ்ப் பதிப்பு இருக்கிறது. ஆனால் அதை நடத்துபவர் பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். செலவுத் திட்டத்தில் சேருங்கள். பள்ளிக்குப் போகாதவருக்கு 26 என்ற வெட்டுப்புள்ளி (அதற்குக் கீழே போனால் குறைபாடு என்று சந்தேகிக்கும் மதிப்பெண்) அநியாயம். மோக்கா-பேசிக் என்னும் வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

வயது தவிர இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: படித்த ஆண்டுகள், வண்டி ஓட்டுவாரா, லாரி அல்லது பஸ் வேலை பார்த்தவரா, வளர்ந்தது தோட்டத்துச் சாளையிலா டவுனிலா, ஸ்மார்ட்போன் பழக்கம், வீட்டில் பேசும் மொழி. வளர்ந்த இடத்தைக் கேட்பது சும்மா அல்ல. சீ ஹீரோ குவெஸ்ட் என்ற விளையாட்டின் தரவைக் கொண்டு 2022இல் வந்த ஆய்வு, சதுரக் கட்டமாகத் தெரு அமைந்த நகரங்களில் வளர்ந்தவர்களைவிடக் கோணல்மாணல் பாதைகளில் வளர்ந்தவர்கள் பொதுவாக வழி நன்றாகக் கண்டுபிடிப்பதைக் காட்டியது. ஊருக்கு ஊர் லாரி ஓட்டிய நாமக்கல்காரரையும், பிறந்ததிலிருந்து வண்டியே ஓட்டாத அம்மாவையும் ‘60+’ என்று ஒரே கட்டத்தில் போட்டால் வயது எங்கே தெரியும்?

ஒப்பிடும் இளையவர்களை உங்கள் வகுப்பிலிருந்து எடுக்காதீர்கள். அதே ஊர்களிலிருந்து, மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்களையும் சேர்த்து எடுங்கள்.

8. பழக்கம் முதலில், சோதனை பிறகு

வந்ததும் 15 நிமிடம் உட்காரட்டும், மோர் கொடுங்கள். ரத்த அழுத்தம் பாருங்கள். குமட்டல் வினாத்தாளை மாட்டுவதற்கு முன்பே ஒருமுறை நிரப்புங்கள். கென்னடி குழுவினரின் 1993 வினாத்தாளில் 16 கேள்விகள். அலுப்பு, தலைவலி, கண் சோர்வு எல்லாம் பெரியவர்களுக்கு வரும்போதே இருக்கும். முன் மதிப்பெண்ணைக் கழிக்காவிட்டால் எல்லாப் பழியும் கருவி மேல் விழும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: கொண்டை நடுமண்டையில் இருந்தால் பட்டை உட்காராது, கீழிறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நெற்றித் திருநீறு உதிர்ந்து லென்ஸில் படியும். அழிக்கச் சொல்லாதீர்கள், துணி முகமூடியை நெற்றி வரை இழுத்து மாட்டுங்கள். தேங்காயெண்ணெய் பஞ்சில் ஊறினால் போகாது, அதற்குத்தான் சிலிகான் உறை. லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். ஸ்பிரிட் கூடாது.

இனி முக்கியமானது. வெறும் மைதானத்தில் ஐந்து வண்ணத் தூண்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு வர வேண்டும். வழி கண்டுபிடிக்க எதுவுமில்லை, எல்லாமே கண்ணுக்கு முன் தெரிகிறது. எல்லாத் தூண்களையும் மோதாமல், நீங்கள் நிர்ணயித்த நேரத்துக்குள் இரண்டு முறை தொடர்ந்து தொடும் வரை பழக்குங்கள். இளையவருக்கு 2 நிமிடமும் பெரியவருக்கு 15 நிமிடமும் ஆகலாம், ஆகட்டும். எல்லோருக்கும் சமமான நேரம் கொடுப்பது இங்கே நியாயமில்லை. எல்லோரும் சமமான தேர்ச்சிக்கு வர வேண்டும். அந்தக் கடைசி இரண்டு ஓட்டங்களின் நேரத்தைத் தவறாமல் பதிவு செய்யுங்கள். கணக்கீட்டில் துணைமாறியாக (கருவிப் பழக்கத்தின் விளைவைப் பிரித்துக் கழிக்கும் எண்ணாக) போகப்போவது அதுதான்.

ஹெட்செட்டுக்குள் ஒரே மூச்சில் 10 நிமிடம், பிறகு 10 நிமிட ஓய்வு. “ஏனுங்க அப்புச்சி, கிறுகிறுன்னு இருக்குதுங்களா?” என்று ஒவ்வொரு தேடலுக்குப் பின்னும் கேளுங்கள். டவுனில் ‘ஐயா, அம்மா’ என்பதே பாதுகாப்பு. “இல்லைங்க, இல்லைங்க” என்றுதான் பதில் வரும், உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று. வாயை மட்டும் நம்பாதீர்கள். கொட்டாவி, வெளிறிய முகம், நெற்றி வியர்வை, அடிக்கடி எச்சில் விழுங்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள். முடிந்ததும் வினாத்தாளும் ரத்த அழுத்தமும் மறுபடி. 30 நிமிடம் கழியாமல் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏற விடக் கூடாது. கூட்டிப்போக ஆள் வருமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

9. தரவு

நொடிக்கு 10 முறை இடம், பார்வைத் திசை, நேரம். அதற்கு மேல் தேவையில்லை. நெற்றியிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றியதும் கருவி தூங்கிவிடும். அந்த நொடியில் சேமிக்காத தரவு போய்விடும். ஒவ்வொரு தேடல் முடிந்ததும் கோப்பில் எழுதும்படி நிரல் இருக்க வேண்டும். தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். பெயருக்குப் பதில் எண். பெயரும் எண்ணும் சேர்ந்த நோட்டு தனியே பூட்டில்.

அளக்க வேண்டியவை: குறுகிய பாதை நீளத்தை நடந்த நீளத்தால் வகுத்த விகிதம், கண்ணுக்குத் தெரியாத அடையாளம் எந்தப் பக்கம் என்று கேட்டால் திசை காட்டுவதில் கோணப் பிழை, அடிக்கணக்கு முக்கோணத்தில் திரும்பிய இடத்துக்கும் கிளம்பிய இடத்துக்கும் இடைவெளி. நேரத்தை முதன்மை அளவாக வைக்காதீர்கள். பெரியவர்கள் நின்று நிதானித்துப் போவது திறன் குறைவு ஆகாது. கோணங்களுக்குச் சாதாரணச் சராசரி எடுக்கக் கூடாது: 350க்கும் 10க்கும் எக்செல் 180 என்று சொல்லும், சரியான விடை 0. குருட்டாம்போக்கில் திசை காட்டினாலே சராசரிக் கோணப் பிழை 90 டிகிரி வரும். ஒருவரின் பிழை அதை ஒட்டி இருந்தால் அவர் ஊகித்திருக்கலாம், கட்டளையே புரியாமலும் இருந்திருக்கலாம். தேடலுக்குத் தேடல் எடுத்துப் பாருங்கள்.

பாதியில் எழுந்து போனவர்களைத் தூக்கி எறியாதீர்கள். அவர்கள் யார், என்ன வயது என்று தனி அட்டவணை போடுங்கள். தங்கியவர்கள் திடகாத்திரமானவர்கள் மட்டும் என்றால் உங்கள் முடிவு அவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

10. மதிப்பெண் மிகக் குறைந்தால்

இது நடக்கும். மோக்காவிலும் குறைவு, தேடலிலும் திணறல் என்று ஒருவர் வருவார். வாசலில் மகள் காத்திருப்பார். “மறதி நோய்” என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அதைச் சொல்லும் தகுதி இந்தச் சோதனைக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. இப்படிப்பட்டவர்களை எந்த மருத்துவமனையின் நரம்பியல் அல்லது முதியோர் பிரிவுக்கு அனுப்புவது, பரிந்துரைச் சீட்டில் யார் கையெழுத்திடுவது என்று திட்டத்திலேயே எழுதி வையுங்கள். வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்பதை ஒப்புதல் படிவத்தில் அவரிடமே முன்கூட்டிக் கேட்டுப் பெயரை எழுதி வாங்குங்கள். அங்கே “யார்கிட்டயும் வேண்டாங்க” என்று எழுதியிருந்தால், சீட்டை அவர் கையில் கொடுத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி விளக்கி, பஸ் ஏற்றிவிட வேண்டியதுதான்.